அரிய பியர் தேடுவோருக்கு

திருகோணமலையில் கிராப்ட் பியர் (சிறு ஆலைகள் தயாரிக்கும் பியர்) தேடுகிறவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். போயா (பௌர்ணமி) தினத்தில் மதுக்கடைகள் திறப்பதில்லை. வெயிலில் அலைந்ததுதான் மிச்சமாகும். மே முதல் செப்டெம்பர் வரை, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் காலமே தேடலுக்கு நல்லது.

கிடைத்த மகிழ்ச்சியில் உடனே காசை நீட்டிவிடாதீர்கள். போத்தலைத் திருப்பி, அடைத்த திகதியைப் பாருங்கள். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவின் மணத்துக்காகவே வாங்கும் ஐ.பீ.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகை, நம் ஊர் வெக்கையில் விரைவில் வாசம் இழந்து நனைந்த கடதாசி போலச் சுவைக்கும். வெயில் படும்படி அடுக்கிய பச்சைப் போத்தலை, எவ்வளவு அரியதென்றாலும் நான் தொடமாட்டேன். ஒளி பட்டால் ஹொப்ஸில் உள்ள சேர்மங்கள் சிதைந்து துர்நாற்றம் வரும். பழுப்புப் போத்தல் ஓரளவு காக்கும். தகரப் பேணிக்குள் ஒளி புகவே முடியாது.

ஒன்றும் அகப்படவில்லையா? லயன் ஸ்டவுட் கேளுங்கள். 8.8 சதவீத மதுசாரம் கொண்ட இந்தக் கறுப்புப் பியரை வெளிநாட்டு ரசிகர்கள் தேடித் திரிகிறார்கள், நம்மவர்கள்தான் கண்டுகொள்வதில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வையுங்கள். கடுங்குளிர் தணிந்த பிறகே கோப்பி, சொக்லேற் மணம் எழும்.