கோயில் காட்டில் மர வகைகளை எண்ணுவது எப்படி?

"எங்கள் காட்டில் இத்தனை வகை மரம்" என்று யாராவது சொன்னால், "எவ்வளவு இடத்தில் எண்ணினீர்கள்?" என்று கேளுங்கள். பரப்பளவு சொல்லாத எண்ணிக்கைக்குப் பொருளில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவு மழைக்காட்டில் 50 ஹெக்டேருக்குள், 10 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள மரங்களில் 225 இனங்கள் பதிவாயின. அதையே ஒவ்வொரு ஹெக்டேராகப் பிரித்து எண்ணினால் சராசரி 91தான். ஒரு ஹெக்டேரில் 77, இன்னொன்றில் 109.

செட்டிநாட்டு அய்யனார் கோயில் காடுகள் மழைக்காடு அல்ல. வீரை, பாலை, காசான் மரங்கள் நிற்கும் வறண்ட பசுமைமாறாக் காடுகள். ஆனால் முறையைப் பழக இவையே நல்ல இடம். பூசாரி வேளாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். கொப்பு ஒடிக்கக் கூடாது என்பது பல ஊர்க் கட்டுப்பாடு. உதிர்ந்த இலையும் படமும் போதும்.

1. 40 மீட்டர் சதுரம் கட்டுங்கள். மூலையில் 6, 8, 10 மீட்டர் முக்கோணம் போட்டால் செங்கோணம் சரியாக விழும். கடைசியில் மூலைவிட்டம் 56.6 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். நைலான் கயிறு இழுத்தால் நீளும்; அளவை டேப்பில்தான் எடுக்க வேண்டும்.

2. அதை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள்: மொத்தம் 16.

3. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். 31.4 செ.மீ. என்றால் விட்டம் 10 செ.மீ. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காசான் அடியிலேயே பல தண்டாகக் கிளைக்கும். ஒவ்வொரு தண்டையும் அளந்து எழுதலாம், ஆனால் மரம் ஒன்றுதான். மெல்லிய மரங்கள் விடுபடாமலிருக்க 10 செ.மீ. சுற்றளவிலிருந்தே பதிவு செய்யுங்கள். மழைக்காட்டோடு ஒப்பிடும்போது 31.4-க்குக் கீழுள்ளவற்றை நீக்கிவிடலாம். எல்லையில் நிற்கும் மரத்தின் அடிப்பாகம் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாததற்கு "இனம் 1", "இனம் 2" என்று எண் கொடுத்தால் போதும், ஒரே இனத்துக்கு இரண்டு எண் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. 10 மீட்டர் கட்டம் 16-க்கும் சராசரி இன எண்ணிக்கை, 20 மீட்டர் கட்டம் 4-க்கும் சராசரி, முழுச் சதுரத்துக்கு மொத்தம் என மூன்று எண்கள் எடுங்கள். ஒரு மூலையில் மட்டும் எண்ணினால் அங்கே பாலை கூட்டமாக நிற்கலாம். சராசரிதான் அந்தப் பிழையைக் குறைக்கும்.

5. இரண்டு அளவுகளின் இன விகிதத்துக்கு லாக் (10 அடிமான மடக்கை) எடுத்து, பரப்பு விகிதத்தின் லாக்கால் வகுங்கள். பரப்பு கூடும்போது இனங்கள் எவ்வளவு வேகமாகக் கூடுகின்றன என்பதை இந்த எண் காட்டும். பாரோ கொலராடோவுக்கு இன விகிதம் 225 ÷ 91, அதன் லாக் 0.393; பரப்பு விகிதம் 50 ÷ 1, அதன் லாக் 1.699; ஆக 0.393 ÷ 1.699 = 0.23. அந்த அளவில் பரப்பு இரட்டித்தால் இனங்கள் சுமார் 17 சதவீதம் கூடும்.

சிறு கட்டங்களில் இந்த எண் பொதுவாகப் பெரிதாக வரும், பரப்பு கூடக்கூடக் குறையும். ஆகவே 1,600 சதுர மீட்டரில் கிடைத்ததை முழுக் காட்டுக்கும் நீட்டிக் கணக்கிடாதீர்கள். தள்ளித் தள்ளிப் போட்ட 16 கட்டங்களில், ஒட்டியிருக்கும் 16 கட்டங்களைவிட அதிக இனங்கள் கிடைப்பதே வழக்கம்; எந்த முறை என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.