கஜகஸ்தானில் தொடங்குங்கள்

"ஒரு நாட்டைப் பற்றி எழுதி வா" என்று எட்டாம் வகுப்பில் சொன்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட், சார்ட்டில் ஒட்டிய கொடி, தலைநகரம், நாணயம். பல வருடம் அதற்கு மதிப்பெண்ணும் போட்டேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. தேடுவது எப்படி என்று நாம் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இப்போது முதல் நாட்டை வகுப்பே சேர்ந்து படிக்கிறோம். நான் எடுப்பது கஜகஸ்தான். அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால் முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் ஒரே இடத்தில் தொடங்கும்.

முதல் பீரியடில் அட்லஸ் மட்டும், போன் கிடையாது. கண்ணில் பட்டதைச் சொல்லட்டும். காஸ்பியன் கடலா ஏரியா என்று ஒரு சண்டை வரும், வரட்டும். அப்புறம் பழைய அட்லஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஏரல் கடலைக் காட்டுங்கள். ஒன்றில் பெரிய நீலம், மற்றதில் சில துண்டுகள். "தண்ணி எங்க டீச்சர் போச்சு?" இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறேன். பதில் சொல்லாமல் வாயை அடக்குவதுதான் அன்று நமக்குக் கஷ்டம். 1960களில் சோவியத் அரசு பருத்திக்காக, ஏரலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளைத் திருப்பிய கதையை இரண்டு நாளில் அவர்களே கொண்டுவருவார்கள்.

அடுத்து தலைநகரம். மூன்று குழுவுக்கு மூன்று ஆதாரம்: 1997க்கு முந்தைய அட்லஸ், 2020இல் அச்சான பொது அறிவுப் புத்தகம், இன்றைய இணையம். அல்மாட்டி, நூர்-சுல்தான், அஸ்தானா என்று மூன்று பதில் வரும். எது தப்பு என்று அடித்துக்கொள்வார்கள். 1997இல் தலைநகரமே மாறியது. 2019இல் அஸ்தானா நூர்-சுல்தான் ஆகி, 2022இல் பழைய பெயருக்குத் திரும்பியது. மூன்றும் அந்தந்த வருடத்துக்குச் சரி என்று புரிந்த பிறகு, ஆதாரத்தோடு வருடத்தையும் எழுது என்று நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

குறிப்பெடுக்கச் சின்ன அட்டைகள் போதும். மேலே கேள்வி, நடுவில் பதில், கீழே எங்கே படித்தது, எந்த வருடம். புத்தகத்தை மூடிவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் திரும்பப் படிக்கட்டும்.

இரண்டாவது நாடு இரண்டிரண்டு பேராக. ஐந்து கேள்வி என்னுடையது, ஐந்து அவர்களுடையது. கொடியின் நிறம் மாதிரி கேள்விகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "60 சதவீதம் காடு இருக்க வேண்டும் என்று பூடான் அரசியலமைப்பிலேயே ஏன் எழுதியது?" என்று ஒரு பையன் கேட்டான். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது நாடு தனியாக. என் கேள்வி ஒன்றுகூட இல்லை.

கடைசியில் சார்ட் இல்லாமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தெரியாததைக் கேட்டால் "தேடிச் சொல்கிறேன்" என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அட்டகாமா பாலைவனத்தில் மழையே இல்லையென்றால் குடிக்க என்ன செய்வார்கள் என்று சிலி எடுத்த பெண்ணைக் கேட்டார்கள். திங்கட்கிழமை புது அட்டையோடு வந்தாள். சில ஊர்களில் மலைமேல் வலை கட்டி மூடுபனியிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்களாம். அட்டையின் கீழே ஆதாரமும் வருடமும் இருந்தன.