பல்கலைக்கழகக் கொரியத் திரைப்பட விழாவின் ஆவணங்களைப் பாதுகாப்பது எப்படி?

பல்கலைக்கழகம் ஒன்றில் கொரியத் திரைப்பட விழா முடிந்ததும் படப்பிரதிகள் உரியவர்களிடம் திரும்பிப் போய்விடுகின்றன. துறை அலுவலகத்து அலமாரியில் மிஞ்சுவன சுவரொட்டிகள், கையேடுகள், கடிதங்கள், நுழைவுச்சீட்டுகள், சப்டைட்டில் தாள்கள் ஆகியவைதாம். அவற்றைப் பழைய காகிதம் என்று கழித்துவிடக் கூடாது என்பதற்குக் கொரியத் திரைப்பட வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கிம் கி-யோங் 1960-இல் இயக்கிய 'ஹான்யோ' படத்தின் மூல நெகடிவில் இரண்டு சுருள்கள் காணாமல் போயிருந்தன. ஆங்கில வசனங்கள் கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்த பழைய பிரதி ஒன்று 1990-இல் கிடைத்த பிறகே அந்த இடைவெளி நிரம்பியது. 2008-இல் கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் படத்தைப் புதுப்பித்தபோது, அந்தச் சுருள்களில் காட்சியை மறைத்துக்கொண்டிருந்த எழுத்துகளை டிஜிட்டல் முறையில் நீக்க வேண்டியிருந்தது. அயல்நாட்டுப் பார்வையாளருக்காக எழுத்து சேர்க்கப்பட்ட ஒரு பிரதிதான் படத்தை முழுமையாக்கியது. உங்கள் துறையின் பெட்டியையும் அந்த மதிப்போடு திறவுங்கள்.

முதற்படி: எதையும் பிரிக்காதீர்கள்

பெட்டியைத் திறந்தவுடன் சுவரொட்டிகளை ஒரு பக்கமும் கடிதங்களை மறுபக்கமும் அடுக்கத் தோன்றும். அதற்கு முன், இருந்தது இருந்தபடியே ஒவ்வொரு அடுக்கையும் கைப்பேசியில் படமெடுத்து, எந்த உறைக்குள் எது இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அறிவிப்புத் தாளோடு சேர்த்துப் பின் குத்தப்பட்ட கடிதத்தில், அறிவித்த படத்துக்குப் பதிலாக வேறு படம் திரையிடப்பட்டதற்கான காரணம் எழுதப்பட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்துவிட்டால் அந்தக் காரணம் எந்தப் படத்தைப் பற்றியது என்பதே தெரியாமல் போகும்.

இரண்டாம் படி: கெடுவதை முதலில் காப்பாற்றுங்கள்

துருப்பிடித்த பின்களைப் பக்குவமாக நிமிர்த்தி எடுங்கள்; இற்றுப்போன ரப்பர் பேண்டுகளை இழுக்காமல் கத்தரித்து எடுங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவதும் சுவரொட்டியை லேமினேட் செய்வதும் திருத்த முடியாத சேதத்தை உண்டாக்கும். தாள்களை அமிலமற்ற உறைகளில் வையுங்கள்.

1990-களின் விழா என்றால் சியோலிலிருந்து வந்த ஃபேக்ஸ் தாள்களை உடனே தேடுங்கள். வழவழப்பாக, ஓரம் சுருண்டு, நகத்தால் கீறினால் கருங்கோடு விழும் வகைத் தாள் அது. வெப்பத்தால் எழுத்து உருவாகும் தாள் என்பதால் ஆண்டுகள் செல்லச்செல்ல எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். கணினியில் அச்சிட்ட நுழைவுச்சீட்டுகள் பலவும் இந்த வகையே. வேறு எதற்கும் முன்னதாக இவற்றை ஸ்கேன் செய்துவிட வேண்டும். வீடியோ நாடாக்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். படச்சுருள் எதிலாவது புளித்த வினிகர் வாடை வந்தால் அதை மற்றவற்றிலிருந்து தனியே எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பட்டியல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொரியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையைத் தென்கொரிய அரசு 2000-இல் மாற்றியது. தமிழில் நாம் 'பூசான்' என்று ஒரே விதமாக எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அந்த நகரின் பெயர் பழைய முறையில் P எழுத்திலும் (Pusan), புதிய முறையில் B எழுத்திலும் (Busan) தொடங்கும். 1996-இல் தொடங்கிய பூசான் சர்வதேசத் திரைப்பட விழா 2011 வரை பழைய எழுத்தையே வைத்திருந்தது. ஆட்பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. போதாததற்கு, முன்னால் வரவேண்டிய குடும்பப் பெயரைச் சில கையேடுகள் பின்னால் தள்ளி அச்சிட்டிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஹங்குல் எனும் கொரிய எழுத்தில் மூலத்தலைப்பு, கையேட்டில் அச்சான ஆங்கிலத் தலைப்பு, இயக்குநர், வெளியான ஆண்டு ஆகிய நான்கையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். கையேட்டில் பிழை இருந்தாலும் அதைத் திருத்தாமல் அப்படியே எழுதி, சரியான வடிவத்தை அடுத்த கட்டத்தில் சேர்ப்பதே முறை. ஆண்டைக் குறிக்காமல் விடவே கூடாது: 'ஹான்யோ' என்ற பெயரிலேயே இம் சாங்-சூ 2010-இல் மறுவாக்கம் ஒன்றை எடுத்திருக்கிறார். சரிபார்க்க, கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நடத்தும் கேஎம்டிபி தரவுத்தளத்தில் ஹங்குல் தலைப்பைக் கொண்டு தேடுங்கள்.

நான்காம் படி: ஸ்கேனும் கோப்புகளும்

தாள்களை 300 அல்லது 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) அளவிலும், புகைப்படங்களை 600 டிபிஐ அளவிலும் டிஃப் (TIFF) படக்கோப்பாகச் சேமித்து, பார்வைக்கென்று ஜேபெக் நகல் ஒன்றை எடுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள், பேனாவால் கிறுக்கிய திரையிடல் நேரங்கள் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரில் ஹங்குல் வேண்டாம், ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். மேக் கணினியில் வைத்த ஹங்குல் பெயர், விண்டோஸுக்கு வரும்போது அசைகள் உடைந்து தனித்தனி எழுத்துகளாகச் சிதறுவது வழக்கம்.

பழைய சப்டைட்டில் கோப்புகள் பலவும் எஸ்எம்ஐ (SMI) என்ற சப்டைட்டில் கோப்பு வடிவில், ஈயூசி-கேஆர் (EUC-KR) என்ற பழைய கொரியக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையில், இருக்கும். நேரடியாகத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டிஸ்கி காலத்துத் தமிழ்க் கோப்புகளோடு போராடியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாமல், குறியேற்றத்தைக் கொரியம் என்று தேர்ந்து திறந்து, யூடிஎஃப்-8 எனும் யூனிகோடு குறியேற்றத்தில் நகல் ஒன்றைச் சேமித்து, மூலத்தையும் அப்படியே வைத்திருங்கள். மாணவர்களே மொழிபெயர்த்த சப்டைட்டில் என்றால் அது வேறெங்கும் கிடைக்காது.

ஐந்தாம் படி: நகல்களும் உரிமையும்

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் உங்கள் கையில் இருப்பதால் அதன் உரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. கையேட்டிலுள்ள படக்காட்சிகள் தயாரிப்பு நிறுவனங்களுக்கும், விழாப் புகைப்படங்கள் எடுத்தவர்களுக்கும் உரியவை. இணையத்தில் ஏற்றுமுன் அனுமதி கேளுங்கள். பார்வையாளர் கருத்துப் படிவங்களில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அவற்றை மறைத்த நகலை மட்டும் பொதுவில் வைத்து, மூலப் படிவங்களைப் பட்டியலோடும் முதற்படியில் எடுத்த பெட்டியின் படங்களோடும் சேர்த்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படையுங்கள்.