தங்க ஆணியை ஓங்கி அடிக்காதீர்கள்

ரயில் அருங்காட்சியகங்களில் சிலர் பழங்கால உடையில் வந்து, பாதை போட்டவர்களாகவே நடித்துக் காட்டுவார்கள். அமெரிக்காவில் இதற்குப் பிடித்த காட்சி 1869 மே 10: யூட்டாவின் புரோமன்டரி சம்மிட்டில் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதைக்காகக் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் சேர்ந்த நாள். மேற்கிலிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவர் ஸ்டான்ஃபோர்டு வேடம் போட்டவர் சம்மட்டியை ஓங்கி, விழாவுக்கென்று செய்த தங்க ஆணியில் ஒன்று போடுவார். கூட்டம் கைதட்டும்.

முதல் தவறே அதுதான். தங்கம் அந்த அடியைத் தாங்குமா? அதனால் முன்பே துளையிட்ட லாரல் மரக்கட்டையில் ஆணியைச் செருகினார்கள். விழா முடிந்ததும் உருவிக்கொண்டார்கள். அடி விழும் சேதி தந்தியில் போவதற்காகக் கம்பி இணைத்து அடித்தது சாதாரண இரும்பு ஆணியை. அதிலும் ஸ்டான்ஃபோர்டு குறி தவறினார் என்பார்கள். ஆனாலும் தந்திக்காரர் ‘முடிந்தது’ என்று தட்டிவிட்டார். நடிக்க இதைவிட நல்ல காட்சி வேண்டுமா?

‘புரோமன்டரி பாயின்ட்’ என்றும் சொல்லிவிடாதீர்கள். அது தெற்கே கிரேட் சால்ட் ஏரிக்குள் நீளும் முனை, வேறு இடம்.

அப்புறம், பாறையை டைனமைட் வைத்துத் தகர்ப்பதாகக் காட்டுவது. நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1867இல். சியரா நெவாடா மலைத்தொடரின் சம்மிட் சுரங்கப்பாதையை, ஏறக்குறைய 506 மீட்டர், கருமருந்தும் நைட்ரோகிளிசரினும் வைத்துத்தான் உடைத்தார்கள். வெடிச்சத்தத்தைவிடத் துளை போடுவதைக் காட்டுங்கள். ஒருவர் இரும்பு உளியைப் பிடித்திருக்க, இருவர் மாறி மாறி அடிப்பார்கள். அடிக்கு அடி உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பாறையில் சிக்கிக்கொள்ளும். அடிப்பவர்களைவிடப் பிடிப்பவரின் முகத்தைத்தான் பார்வையாளர் கவனிப்பார்கள்.

அந்த மூவரும் பெரும்பாலும் சீனர்கள். சென்ட்ரல் பசிபிக் ஆட்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் அவர்கள்தான். அவர்களை ஓரத்தில் ஊமையாக நிறுத்துவதும், கொச்சை ஆங்கிலம் பேசவைத்துச் சிரிப்புக் காட்டுவதும் எனக்குப் பொறுக்காது. அதற்காகக் கற்பனைக் கடிதம் ஒன்றை உருக்கமாக வாசிப்பதும் சரியல்ல. பாதை போட்ட சீனர் ஒருவர் கைப்பட எழுதிய கடிதமோ நாட்குறிப்போ இதுவரை கிடைத்ததில்லை. சம்பளப் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலும் மேஸ்திரி பெயர்தான். 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ததும், நிர்வாகம் சாப்பாட்டுச் சாமான்களை நிறுத்தி ஒரு வாரத்தில் அதை முறித்ததும் பதிவாகியிருக்கின்றன. அதை நடியுங்கள்.

பொருள்களும் பேசும். அவர்கள் குடித்தது கொதிக்கவைத்த தேநீர். பச்சைத் தண்ணீர் குடித்தவர்கள் அளவுக்கு வயிற்றுக்கடுப்பு அவர்களை அண்டவில்லை. காவடி போலத் தோளில் தண்டு வைத்து, இரண்டு முனையிலும் பீப்பாய் தொங்கவிட்டு அதை வேலையிடத்துக்குக் கொண்டுவருவார்கள். பார்வையாளர் யாரையாவது அழைத்து அந்தத் தண்டைத் தூக்கச் சொல்லுங்கள். வெறும் பீப்பாயைக் கொடுத்துவிடாதீர்கள், தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள்.