ஹூஸ்டன் கடலோரத்துக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு குடிவருகிறவர்களுக்கு

ஹூஸ்டனுக்கு வேலை மாறி வரும் நம்மவர்கள் வீடு தேடுகிற வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் பள்ளிக்கூட ரேட்டிங். அடுத்து ஆபீஸ் தூரம். அப்புறம் பியர்லண்ட் மீனாட்சி கோயிலும் இந்தியன் கடையும் எவ்வளவு பக்கம் என்பது. பெருமழை பெய்தால் இந்தத் தெருவில் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி, லீஸில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுகிறது.

ஹைஸ்கூல் வயதில் பிள்ளை இருக்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தையை நடுவருடத்தில் வேறு பள்ளிக்கு மாற்றினால் சீக்கிரம் பழகிவிடும். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படியில்லை. டெக்சாஸில் வகுப்பின் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதை 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. பதினோராம் வகுப்பு முடிவில் நிற்கும் தரவரிசைதான் கணக்கு. அந்த வருடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து வேறெங்காவது போய்த் தங்க நேர்ந்தால் முதலில் அடிபடுவது படிப்பு. அதனால் பள்ளியைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்.

எப்போது வருவது

ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரை உச்சம். இங்கே பள்ளி திறப்பதும் ஆகஸ்ட் நடுவில்தான். ஹார்வி புயல் 2017 ஆகஸ்ட் 25 அன்று ராக்போர்ட் அருகே கரையேறி, நாள்கணக்கில் நகராமல் நின்று மழையைக் கொட்டியதில், ஹூஸ்டன் நகரப் பள்ளி மாவட்டம் செப்டம்பர் 11 அன்றுதான் திறக்க முடிந்தது. ஐக் 2008 செப்டம்பர் 13. பெரில் மட்டும் அவசரக்குடுக்கை, 2024 ஜூலை 8 அன்றே வந்துவிட்டது.

ஊரில் முழுப் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல், மே மாதத்தில் வந்துவிட முடிந்தால் நல்லது. கோடையில் வீட்டைச் சரியாக்கி, இன்சூரன்ஸை முடித்து, பள்ளிப் பதிவையும் பார்த்துவிடலாம். ஆகஸ்ட் முதல் வாரம் வந்திறங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே புயல் செய்தி கேட்க வேண்டியிருக்கும்.

எந்தத் தண்ணீர்?

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் புயல் புதிதில்லை. வர்தாவையும் கஜாவையும் பார்த்தவர்களுக்கு இங்கே என்ன பயம் என்று தோன்றும். ஆனால் அங்கே கான்கிரீட் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவோம். இங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் எழுப்பியவை. சுவர் நனைந்தால் உள்ளிருக்கும் பலகையைப் பிரித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஓர் அடித் தண்ணீர் வந்து வடிந்த வீட்டிலும் மாதக்கணக்கில் குடியிருக்க முடியாமல் போவது இதனால்தான்.

தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஒன்று, புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர். கால்வெஸ்டன், லீக் சிட்டி, நாசா இருக்கும் கிளியர் லேக் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதி ஜிப் கோடுகளைக் கடலோரம், ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். வெளியேறச் சொல்லும் உத்தரவு இந்த மண்டல வரிசையில்தான் வரும். உங்கள் மண்டலம் எது என்பது வீட்டு விலாசம் போலப் பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று மழைநீர். கேட்டியும் சுகர் லேண்டும் அந்த மண்டல வரைபடத்துக்கே வெளியே இருக்கின்றன. அதற்காக அங்கே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டியின் கிழக்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் உண்டு. மற்ற நாளில் வறண்டு கிடக்கும். பிள்ளைகள் கால்பந்து ஆடப் போகும் ஜார்ஜ் புஷ் பார்க் இருப்பதே பார்க்கர் தேக்கத்துக்குள்தான். ஹார்வியின்போது அது நிரம்பி மேற்கே ஏறியதில், அருமையான பள்ளிகளுக்குப் பேர்போன சிங்கோ ராஞ்சின் சில தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. ஹார்வியில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மூழ்கிய கட்டடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, அதிகாரபூர்வ வெள்ள வரைபடத்தில் ‘நூறு வருட வெள்ள’ப் பகுதிக்கு வெளியே இருந்தவை. அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். எந்த வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருட வீட்டுக் கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டால் நான்கில் ஒரு வாய்ப்பு.

புயலின் வகை எண்ணை வைத்தும் எடை போடாதீர்கள். அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்வது. ஐக் இரண்டாம் வகைப் புயல்தான், ஆனால் பொலிவர் தீபகற்பத்தில் 15 அடிக்கு மேல் கடல்நீரை ஏற்றியது. ஹார்வி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது ஹரிக்கேன் என்ற தகுதியையே இழந்திருந்தது.

வாடகை வீடானால் கேட்கத் தயங்காதீர்கள். வீடு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, கடந்த 5 வருடத்தில் வெள்ளம் புகுந்ததா என்று வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று டெக்சாஸில் 2022 முதல் சட்டம் இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு விற்பவர் இதைவிட விரிவாகவே தர வேண்டும். அந்தத் தாளைப் படித்துவிட்டு, தெருவில் நாயை வாக்கிங் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘ஹார்வியில் இங்கே எதுவரை வந்தது?’ என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார். தெருவில் எந்த வீட்டு வாசல் வரை வந்தது என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்சூரன்ஸ்

சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது. வாடகைதாரர் இன்சூரன்ஸிலும் சேராது. வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உடைமைக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர் உடைமைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த நாளிலிருந்து அமலுக்கு வர 30 நாள் ஆகும் என்பதுதான் முக்கியம். மெக்சிகோ வளைகுடாவில் புயல் சுழல்கிறது என்று செய்தி வந்த பிறகு போனால் பயனில்லை. வீட்டுக் கடன் முடிக்கும்போது எடுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

பிரசோரியா, கால்வெஸ்டன் போன்ற 14 கடலோரக் கவுண்டிகளில் காற்றுச் சேதத்தையும் பல கம்பெனிகள் விலக்கிவிடும். அதற்கு இன்னொரு பாலிசி. பியர்லண்டின் பெரும்பகுதி பிரசோரியாவில் இருக்கிறது, அதனால் கோயில் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளிப் பதிவு

ஊரிலிருந்து நேரே வருகிறவர்கள் 8, 9, 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இவற்றோடு பாடத்திட்ட விவரத்தையும் பள்ளியில் முத்திரை வைத்து வாங்கி வாருங்கள். இங்கே வகுப்பை முடிவு செய்வது வயதைவிட கிரெடிட்தான், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகு. ஹைஸ்கூல் படிப்பை முடிக்க வழக்கமாக 26 கிரெடிட் தேவைப்படும். அல்ஜிப்ரா, உயிரியல், ஆங்கிலம் இரண்டு, அமெரிக்க வரலாறு என்று மாநிலம் நடத்தும் தேர்வுகள் ஐந்து உண்டு. இவற்றில் எது உங்கள் பிள்ளைக்குத் தேவை, ஊரில் வாங்கிய மதிப்பெண் தரவரிசையில் சேருமா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் ஈமெயிலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

தடுப்பூசி அட்டையில் மெனிஞ்சைட்டிஸ், ஹெபடைட்டிஸ் ஏ, சின்னம்மை இரண்டு தவணை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு இவைதான் விடுபட்டிருக்கும்.

வீடு பாழாகி வேறு இடத்தில் தங்க நேர்ந்தால், மெக்கின்னி-வென்டோ என்ற மத்தியச் சட்டம் துணைக்கு வரும். பேரிடரால் வீட்டை இழந்த மாணவர் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தும் பள்ளி மாவட்டம் பார்த்துக்கொள்ளும். விசா நிலையைக் கேட்க மாட்டார்கள். ‘வீடற்றவர்’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். கூச்சத்தைப் பார்த்தால் தரவரிசை போய்விடும், அடித்துவிடுங்கள்.

பிள்ளைக்கு ஒரு பொறுப்பு

பெரிய புயல் வரும் வாரத்தில் அப்பா அம்மா இருவரில் ஒருவர் ஆபீஸிலோ ஆஸ்பத்திரி டியூட்டியிலோ மாட்டிக்கொள்வது நடக்கிறதுதான். வீட்டில் இருப்பது பிள்ளைகள். ‘நீ சும்மா இரு, நாங்க பாத்துக்கறோம்’ என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அது சும்மா இருக்காது. போனைத் திறந்து பயப்படும். ஹார்வியின்போது நெடுஞ்சாலை வெள்ளத்தில் சுறா நீந்துவதாக ஒரு படம் சுற்றியது. ஒவ்வொரு புயலுக்கும் தூசி தட்டி எடுக்கிற பொய்ப் படம் அது.

அதற்குப் பதில் தகவல் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை தரும். ஊரில் தமிழ்நாடு வெதர்மேன் பதிவுக்குக் காத்திருப்பது போல இங்கே ஸ்பேஸ் சிட்டி வெதர் என்ற தளத்தைப் படிக்கிறார்கள். பதற்றமில்லாமல் எழுதுவார்கள். இந்த இரண்டையும் படித்து, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குச் சுருக்கமாகச் சொல்வது மூத்தவள் வேலை. புயல் பாதையைக் காட்டும் கூம்பு, மையம் போகக்கூடிய இடத்தை மட்டும் குறிக்கிறது, மழை கூம்புக்கு வெளியேயும் கொட்டும் என்று அவளே உங்களுக்குப் பாடம் எடுப்பாள். இளையவனுக்கு ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி. அவர்கள் டிவியில் பார்த்துவிட்டு நடுராத்திரி அழைப்பார்கள். தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அவன் அனுப்பிவிட்டால் உங்கள் போன் சார்ஜ் மிச்சம்.

கிளம்புவதா இருப்பதா என்பதையும் ஜூன் மாதமே சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கடல்நீர் வரும் மண்டலம், உத்தரவு வந்தது என்றால் கிளம்ப வேண்டும், பேச்சே இல்லை. அந்த மண்டலத்தில் இல்லாதவர்கள் பயத்தில் சாலையை அடைக்கக் கூடாது. 2005இல் ரீட்டா புயலுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்பி, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் நின்றார்கள். டெக்சாஸில் அந்தப் புயலைவிட அந்த வெளியேற்றம்தான் அதிக உயிர்களைக் கொண்டுபோனது.

பேண்ட் பயிற்சியையும் கூடைப்பந்து மேட்சையும் விட்டுவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பது சகஜம். பள்ளி தானாகவே ரத்துச் செய்து ஈமெயில் அனுப்பும். அதுவரை பொறுத்திருந்து காட்டினால் சண்டை பாதி குறையும்.

கரண்ட் போனால்

பெரிலில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. முதல் வகைப் புயல்தான். ஜூலை வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் ஏசி இல்லாமல் தவித்த வீடுகள் உண்டு. இட்லி மாவைப் புயலுக்கு முந்தைய நாள் அரைக்காதீர்கள். அவல், பொரி, பருப்புப் பொடி, சத்துமாவு, ஊறுகாய் இவையெல்லாம் கைகொடுக்கும். அமெரிக்கக் கடைகளில் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் தீர்ந்துபோன நாளிலும் இந்தியன் கடையில் பொரி மூட்டை அடுக்கியிருக்கும்.

ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, ஜன்னல் பக்கம் புகை வராமல் வையுங்கள். கராஜுக்குள் வைக்கக் கூடாது, கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நீங்கள் இல்லாத நேரத்தில் அதை இயக்கப்போவது பிள்ளைதான், எனவே அவனுக்கு நேரில் காட்டிக் கொடுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு

மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர் தன் பெயரில் கேட்க முடியாது. இங்கே பிறந்த மைனர் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஊரில் பிறந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. முகாம், உணவு, தண்ணீர் எல்லோருக்கும் உண்டு. வெள்ள இன்சூரன்ஸை நம்மவர்கள் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பாஸ்போர்ட், விசா ஒப்புதல் கடிதமான ஐ-797, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே நீர்புகாப் பையில் இருக்கட்டும், ஸ்கேன் செய்த நகல் ஆன்லைனில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துத் தர இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனிலேயே இருக்கிறது. விசா முத்திரைக்கு அந்த வசதி கிடையாது, வெளிநாடு போய்த்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, கார்

டெக்சாஸில் 15 வயதில் பழகுநர் உரிமம் வாங்கலாம். பிள்ளை ஸ்டியரிங் பிடித்த முதல் மாதமே மழை வெள்ளத்தையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள். ஓர் அடி ஓடும் தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி இருந்தால் எஸ்யூவியும் போகும். ஹூஸ்டனில் பாலத்துக்கடியில் தாழும் சாலைகள் ஏராளம். பலவற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று காட்டும் அளவுகோல் சுவரிலோ கம்பத்திலோ இருக்கும். ஒரு வெயில் நாளில், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே அப்படி எத்தனை இடம் இருக்கிறது என்று அவளையே ஓட்டவிட்டுப் பார்த்து வாருங்கள். அந்தச் சாலைகளைத் தவிர்த்து வீடு வரும் மாற்று வழி ஒன்றையும் அன்றைக்கே ஓட்டிப் பழகிவிடட்டும்.