பிள்ளைக்கு டாக்டர் தரும் கேள்வித்தாளை நீங்கள் நிரப்பாதீர்கள்

இந்த முறை ஊருக்கு வந்தபோது, அமெரிக்காவுக்குக் கிளம்பும் இரண்டு குடும்பங்கள் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு வீட்டிலும் பன்னிரண்டு, பதினாலு வயதில் பிள்ளைகள். எந்தப் பள்ளிக்கூடம், மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்றெல்லாம் கேட்டார்கள். டாக்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன புதிதில் நானும் கேட்கவில்லை.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை உண்டு. பெரும்பாலான இன்சூரன்ஸில் அதற்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. அதே நாளில் வேறு தொந்தரவையும் பார்த்தால் தனி பில் வரலாம். காரைக்குடியில் போட்ட தடுப்பூசிகளைத் தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி, டாக்டரிடம் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் விளையாட்டில் சேர டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரம் கேட்பார்கள். சரி, இவை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம் ஊரில் பிள்ளை ஸ்டூலில் உட்காரும், பேசுவது நாம். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, மாதம் தவறாமல் வருகிறதா, எல்லாவற்றுக்கும் ஆத்தாதான் பதில். கூட அப்பத்தா வந்திருந்தால் அதையும் திருத்துவார். அங்கே அப்படி இல்லை. 12 வயதிலிருந்து மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் தருவார்கள். பல இடங்களில் அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பது என்று போகும். 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'ஏறக்குறைய தினமும்' வரை நான்கு கட்டம். பிள்ளைதான் நிரப்ப வேண்டும்.

எங்களுக்கு அது பரிசோதனைக்கு முந்தின நாள் ராத்திரியே என் போனுக்கு வந்தது. கையெல்லாம் இட்லி மாவு. ஒரு விரலை மட்டும் துடைத்துக்கொண்டு ஒன்பதுக்கும் 'இல்லவே இல்லை' என்று தட்டிவிட்டேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நர்ஸ் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். "எனக்குத் தெரியாமல் இவளுக்கு என்ன இருக்கிறது?" என்று நான் நகரவே இல்லை. டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஓகே" என்றாள்.

நான்கு மாதம் கழித்து, பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் கூப்பிட்டுச் சொன்னார். மதியச் சாப்பாட்டைத் தினமும் குப்பையில் கொட்டிவிட்டு நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ராத்திரி மூன்று மணி வரை தூங்குவதில்லை. அவள் பேச்சை வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். அதோடு அப்பத்தாவை விட்டு வந்த ஏக்கம். எட்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிடுகிற பிள்ளை இரண்டோடு எழுந்ததை நானும் பார்த்தேன். தண்ணீர் மாறியதால் என்று விட்டுவிட்டேன். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

அந்தக் காலத்தில் நம் ஐயாக்கள், அதாவது தாத்தாமார், கொண்டுவிற்க என்று தொழிலுக்காக பர்மாவுக்குப் போனபோது பிள்ளைகள் பெரும்பாலும் ஊரில்தான் இருந்தார்கள். ஆத்தாவிடம் சொல்ல முடியாததை அம்மாவைப் பெற்ற ஆயாவிடமோ, பக்கத்து வளவு ஆச்சியிடமோ சொல்லும் பிள்ளை. அங்கே நான்கு சுவருக்குள் நாம் மட்டும்தான்.

அதனால், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் கவலையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் எழுந்து வெளியே போங்கள். பிள்ளை தனியாகச் சொல்வதில் எதை நம்மிடம் சொல்லலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் டாக்டர் அதை மூடி வைக்கமாட்டார். 12, 13 வயது ஆனதும் பல மருத்துவமனைகளில் பிள்ளையின் ஆன்லைன் கணக்கில் நமக்குத் தெரிகிற விவரமும் குறைந்துவிடும். கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள், நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் நோவைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நாக்கு வராது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பெரும்பாலும் போனிலேயே பேசுவார்கள், அதற்கு உங்களிடம் காசு வாங்கமாட்டார்கள்.