இன்ஸ்டால் செய்த புரோகிராமை வேறு டிரைவுக்கு மாற்றுவது எப்படி?

சி டிரைவ் நிரம்பி சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியதும், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பெரிதாக இருப்பதை கட் செய்து டி டிரைவில் பேஸ்ட் செய்துவிடத் தோன்றும். செய்து பார்த்தால் ஷார்ட்கட் திறக்காது, அப்டேட் ஓடாது, கடைசியில் அன்இன்ஸ்டால்கூட நடக்காது.

புரோகிராம் இன்ஸ்டால் ஆகும்போது அதன் ஃபோல்டரோடு வேலை முடிவதில்லை. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியிலும், ஸ்டார்ட் மெனுவிலும், பின்னணியில் ஓடும் சர்வீஸ்களிலும், எந்தக் கோப்பை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும் என்ற பட்டியலிலும் அதன் முழு முகவரி பதிவாகிறது. எல்லாமே சி டிரைவில் தொடங்கும் முகவரிகள். ஆகவே கோப்புகள் எங்கே போனாலும் போகட்டும், முகவரி மட்டும் பழையபடியே இருக்க வேண்டும்; இல்லையென்றால் அது முறைப்படி திருத்தப்பட வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கீழே சொல்லும் வழிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன.

சுலபமானவை முதலில்

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த ஆப் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய், ஆப்பின் பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்குங்கள் (விண்டோஸ் 10-ல் அந்தப் பகுதி ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்; ஆப்பின் பெயரையே சொடுக்க வேண்டும்). மூவ் என்ற வசதி இருந்தால் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். சாதாரண செட்டப் கோப்பிலிருந்து வந்த புரோகிராம்களுக்கு அந்த வசதி காட்டாது.

ஸ்டீம் கேம்களுக்கும் சிக்கல் இல்லை. ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் புதிய டிரைவைச் சேர்த்து, கேம்களை டிக் செய்து மூவ் கொடுங்கள். 100 ஜிபி கேமைக்கூட மறுபடி டவுன்லோடு செய்யத் தேவையில்லை. இடம் போதாமல் தவிப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான்.

ஜங்ஷன்: பழைய முகவரி, புதிய இடம்

மற்ற புரோகிராம்களுக்கு ஜங்ஷன்தான் சரியான வழி. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) டிரைவில் ஒரு ஃபோல்டரின் பெயரை மட்டும் பழைய இடத்தில் நிறுத்தி, உள்ளடக்கத்தை வேறு டிரைவிலிருந்து காட்டும் ஏற்பாடு இது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உண்டு. புரோகிராமுக்கு மாற்றம் தெரியாது; சி டிரைவில் இருப்பதாகவே நினைத்து ஓடும்.

தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள். டி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் என்று இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை என்றால் வேண்டாம், ஃபோல்டர்களின் அனுமதிகளை அதில் சேமிக்கவே முடியாது. டிரைவ் கணினிக்குள் நிரந்தரமாகப் பொருத்தியதாக இருப்பது நல்லது. யுஎஸ்பி டிரைவைக் கழற்றினாலோ, மறுமுறை செருகும்போது அதன் எழுத்து மாறினாலோ புரோகிராம் நின்றுவிடும். மூன்றாவது, அது சுழலும் ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். சுழலும் டிஸ்க்கில் புரோகிராம் திறக்க நேரம் பிடிக்கும். பேக்கப், கேம் போன்றவற்றை அதற்கு அனுப்பலாம். தினமும் திறக்கும் கனமான மென்பொருளை அனுப்புவது நம் பரிந்துரை அல்ல.

டி டிரைவும் எஸ்எஸ்டி என்று வைத்துக்கொண்டு, ஆப் உருவாக்கப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மாற்றுவதைப் பார்ப்போம். அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டரில், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்ற பெயரில் இருக்கும். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

முதலில் புரோகிராமை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரில் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு கட்டளை அடிக்கும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்து, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியால் (ஆர், ஓ, பி, ஓ, சி, ஓ, பி, ஒய்) நகல் எடுங்கள்:

ரோபோகாப்பி "பழைய இடம்" "புதிய இடம்" /இ /காப்பிஆல் /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

முகவரிகளில் இடைவெளி இருப்பதால் இரட்டை மேற்கோள் கட்டாயம். முகவரியின் கடைசியில் பின்சாய்கோடு வைத்து மேற்கோளை மூடாதீர்கள். கட்டளை இரண்டு முகவரிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும். /இ என்பது காலி ஃபோல்டர்கள் உட்பட எல்லா உள்ஃபோல்டர்களையும் எடுக்கும். /எக்ஸ்ஜே உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஜங்ஷன்களைத் தவிர்க்கும். /ஆர், /டபிள்யூ இரண்டையும் விட்டுவிட்டால், திறக்க முடியாத ஒரே கோப்புக்காக 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும். கணினி உறைந்துவிட்டது என்று நினைத்துப் பலர் பாதியில் மூடுவது இதனால்தான்.

கோப்புகளோடு அனுமதிகளையும் நகலெடுக்கும் /காப்பிஆல் (சி, ஓ, பி, ஒய், ஏ, எல், எல்) வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. டி டிரைவிலோ லாகின் செய்த எவரும் எழுதலாம் என்பதே இயல்பு நிலை. வெறும் நகல் எடுத்தால் அந்தத் தளர்ந்த அனுமதி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஏதோ ஒரு வைரஸ் அட்மின் அனுமதி கேட்காமலே புரோகிராமின் கோப்பை மாற்றிவிடலாம். நகல் முடிந்ததும், அனுமதிகளைக் காட்டும் ஐகேக்கிள்ஸ் (ஐ, சி, ஏ, சி, எல், எஸ்) என்ற கட்டளைக்குப் பின் புதிய ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். யூசர்ஸ் என்பதற்கு எதிரே ஆர்எக்ஸ், அதாவது படிக்கவும் ஓட்டவும் மட்டும், என்று இருந்தால் சரி.

ரோபோகாப்பியின் கடைசி அட்டவணையில் ஃபெயில்டு என்ற பத்தி முழுக்க 0 இருக்க வேண்டும். ஆடிட்டிங் உரிமை இல்லை என்று ஆரம்பத்திலேயே பிழை வந்தால், கமாண்ட் பிராம்ப்ட் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கப்படவில்லை என்று பொருள்.

இப்போது பழைய ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் ஓல்டு என்று சேர்த்தால் போதும். பெயர் மாற விடாவிட்டால் உள்ளே ஏதோ ஒரு கோப்பு இன்னும் திறந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து, புரோகிராமைத் தொடாமல் மறுபடி முயலுங்கள். பிறகு:

எம்கேலிங்க் /ஜே "பழைய இடம்" "புதிய இடம்"

எம், கே, எல், ஐ, என், கே என்று சேர்த்து அடிக்க வேண்டும். இங்கே பழைய இடம் என்பது ஓல்டு சேர்ப்பதற்கு முன்பிருந்த அசல் பெயர். அதுதான் முதலில் வர வேண்டும், வரிசையைத் திருப்பிப் போடுவதே அதிகம் நடக்கும் தவறு. கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வந்தால் வரிசை மாறியிருக்கும், இல்லையென்றால் பழைய ஃபோல்டரின் பெயர் மாறியிருக்காது. விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை நேரடியாக ஓடாது; கமாண்ட் பிராம்ப்டிலேயே அடியுங்கள்.

பழைய இடத்தில் அம்புக்குறியோடு ஃபோல்டர் ஐகான் தெரியும். கணினியை ரீஸ்டார்ட் செய்து, புரோகிராமைத் திறந்து, ஒரு ப்ராஜெக்டைச் சேமித்து, முடிந்தால் ஒரு அப்டேட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தபின் ஓல்டு ஃபோல்டரை அழிக்கலாம். அப்போதுதான் சி டிரைவில் இடம் கிடைக்கும்.

திரும்பப் பழையபடி வேண்டுமென்றால் ஆர்டி என்ற கட்டளைக்குப் பின் ஜங்ஷனின் முகவரியைக் கொடுங்கள். இணைப்பு மட்டும் போகும், கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருக்கும். பிறகு அவற்றைப் பழைய இடத்துக்கே நகல் எடுங்கள். டெல் கட்டளையை மட்டும் ஜங்ஷன் மீது பயன்படுத்தாதீர்கள், அது உள்ளே போய் உண்மையான கோப்புகளை அழிக்கும்.

சில அப்டேட்டர்கள் ஃபோல்டரை முழுதாக அழித்துப் புதிதாக உருவாக்கும். அப்போது ஜங்ஷன் மறைந்து புரோகிராம் மறுபடி சி டிரைவில் குடியேறிவிடும். இடம் திடீரென்று குறைந்தால் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான கனம் எங்கே?

பல நேரம் இடத்தை அடைப்பது புரோகிராம் அல்ல, அது சேர்த்து வைக்கும் தரவு. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையே எடுத்துக்கொண்டால், ஆப் உருவாக்கும் கருவித் தொகுப்பான எஸ்டிகே யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டா, லோக்கலுக்குள் இருக்கும். கணினியிலேயே ஃபோனைப் போல ஓடும் எமுலேட்டர்கள் யூசர் ஃபோல்டரிலேயே புள்ளியில் தொடங்கும் ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டரில் இருக்கும். ஐடியூன்ஸ் எடுக்கும் ஐபோன் பேக்கப்பும் ஆப்டேட்டா, ரோமிங், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க் என்ற வழியில் பல ஜிபி சேர்ந்திருக்கும்; ஸ்டோர் வழியாக வந்த ஐடியூன்ஸ் என்றால் யூசர் ஃபோல்டரிலேயே ஆப்பிள் என்ற ஃபோல்டரில் தேடுங்கள். இவற்றுக்கும் இதே ஜங்ஷன் முறை பொருந்தும். புரோகிராமின் செட்டிங்ஸிலேயே இடத்தை மாற்றும் வசதி இருந்தால், ஆண்ட்ராய்டு எஸ்டிகேவுக்கு இருப்பதைப்போல, அதையே பயன்படுத்துங்கள்.

ஜங்ஷன் போடக்கூடாதவையும் உண்டு: விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதும், புரோகிராம்டேட்டா முழுவதும், விண்டோஸ்ஆப்ஸ், காமன் ஃபைல்ஸ், ஆன்டிவைரஸ், வன்பொருளை இயக்கும் டிரைவர்களை நிறுவும் எந்த மென்பொருளும். ஆஃபிஸையும் விட்டுவிடுங்கள், மிஞ்சும் இடத்தைவிடத் தொல்லைதான் அதிகம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமென்றால்

பத்துப் பதினைந்து புரோகிராம்களுக்கு ஜங்ஷன் போடுவதைவிடப் பெரிய எஸ்எஸ்டி வாங்கி டிஸ்க்கை அப்படியே குளோன், அதாவது முழு நகல், செய்வது மேல். புதிய டிஸ்க் சி டிரைவாகவே பூட் ஆகும் என்பதால் ஒரு முகவரியும் மாறாது. குளோன்சில்லா என்ற கருவி இலவசம்; ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. சாம்சங் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டிக்கென்றே இலவசக் கருவி தருகின்றன. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற குளோன் கருவியின் இலவசப் பதிப்பைப் பழைய கட்டுரைகள் பரிந்துரைக்கும். அதற்கான ஆதரவு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது.

குளோன் செய்வதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள், 48 இலக்க ரெக்கவரி கீயைக் கணினிக்கு வெளியே எழுதி வையுங்கள். லைசென்ஸ் கட்டுப்பாடுள்ள மென்பொருளை டிஆக்டிவேட் செய்துகொள்ளுங்கள், சில மென்பொருள் டிஸ்க் மாறியதைக் கண்டு பூட்டிக்கொள்ளும்.

குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து முதல் முறை பூட் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்த்து வைத்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும்; எதிலிருந்து பூட் ஆனது என்ற குழப்பமும் வரும். புதிய டிஸ்க்கில் மிஞ்சும் இடத்தை சி டிரைவோடு சேர்க்கும்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரிந்தால், சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. பார்ட்டிஷன் கருவியால் அதைக் கடைசிக்கு நகர்த்திய பிறகுதான் சி டிரைவை விரிக்க முடியும். பழைய டிஸ்க்கைக் குறைந்தது இரண்டு வாரம் ஃபார்மேட் செய்யாமல் வைத்திருங்கள்.